ஆலையின் தரவுத்தள சர்வருக்குக் கண்காணிப்பு ஏஜெண்ட் அமைப்பது எப்படி?

புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆலையில் உபுண்டு சர்வர் ஒன்றில் போஸ்ட்கிரெஸ் 16 என்ற தரவுத்தள மென்பொருள் ஓடுகிறது. எடைமேடை, நெல் கொள்முதல், சிப்பக் கையிருப்பு, காரைக்குடி செக்காலை சாலைக் கடையின் பில் எல்லாம் அந்த ஒரே தரவுத்தளத்தில்தான். தை, மாசியில் சம்பா நெல் வந்து குவிந்த நேரத்தில் தரவுத்தளம் உறைந்துபோய் எடைமேடையில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. சர்வரின் நிலையைத் தொடர்ந்து அளந்து சொல்லும் சிறு நிரலான கண்காணிப்பு ஏஜெண்ட் ஒன்றை நிறுவச் சொல்லி முதலாளி கேட்டிருக்கிறார். எந்த மென்பொருள், அதற்கு என்ன அனுமதி கொடுப்பது, எதற்கெல்லாம் எச்சரிக்கை வைப்பது, தேவகோட்டைக் கடையில் இருக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கும் இதே முறை பொருந்துமா என்பவை அவருடைய கேள்விகள்.

நிறுவும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும், தம்பி. அதற்கு முன்னால் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். ஏஜெண்ட் பார்த்ததை எங்கே சேர்த்து வைப்பது என்பது ஒன்று. தரவுத்தளத்துக்குள் அதற்கு எவ்வளவு உரிமை கொடுப்பது என்பது இன்னொன்று. இவ்விரண்டும் சரியாக இருந்தால் மற்றவற்றைப் போகப் போகத் திருத்திக்கொள்ளலாம்.

தரவுத்தளம் ஓடும் அதே கணினியிலேயே கண்காணிப்பு மென்பொருள் முழுவதையும் ஏற்றிவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்தக் கணினி விழுந்தால் கண்காணிப்பும் சேர்ந்தே விழும். வட்டு நிரம்பினால் எச்சரிக்கையை எழுதி வைக்கவும் இடம் இருக்காது. செட்டிநாட்டில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நகரத்தார், அங்கே இருந்தவர் எழுதிய கணக்கை ஊருக்கு வரவழைத்து இங்கே உட்கார்ந்து பார்த்தார்கள். அதுபோல, ஆலை சர்வரில் ஏஜெண்ட் மட்டும் இருக்கட்டும். அளவீடுகளைச் சேமிப்பதும் எச்சரிக்கை அனுப்புவதும் செக்காலை சாலைக் கடையில் ஒரு சிறிய கணினியில் நடக்கட்டும். 4 ஜிபி நினைவகமும் ஓர் எஸ்எஸ்டி வட்டும் தனி யுபிஎஸ்ஸும் அதற்குப் போதும். இரண்டு இடங்களுக்கும் நடுவே வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்காணிப்புக்கான எந்த வாயிலையும் (போர்ட்) இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, உங்கள் அளவுக்கு ப்ரோமிதியஸ் போதும் என்பது என் கருத்து. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய திட்டம் அது. இன்று எவருக்கும் சொந்தமில்லாத திறந்த மூல மென்பொருளாக வளர்ந்திருக்கிறது. அதன் குணம் ஒன்று உங்களுக்கு மிகவும் பொருந்தும். ஏஜெண்ட் செய்தியைத் தள்ளிவிடும் என்று அது காத்திருப்பதில்லை. தானே குறித்த நேரத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கும். புதுவயலில் மின்சாரம் போய் ஏஜெண்ட்டும் அணைந்துவிட்டால், கேட்டதற்குப் பதில் வராதபோதே காரைக்குடிக் கணினிக்குச் சங்கதி தெரிந்துவிடும். ஆலையில் இரண்டு ஏஜெண்டுகள் வேண்டும். கணினியின் வட்டு, நினைவகம், வெப்பம் ஆகியவற்றைப் பார்க்க நோடு எக்ஸ்போர்ட்டர். அதன் வாயில் 9100. தரவுத்தளத்தின் உள்ளே பார்க்க போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர். அதன் வாயில் 9187. வரைபடங்களுக்குக் கிராஃபானா, எச்சரிக்கைகளைப் பிரித்து அனுப்ப அலர்ட்மேனேஜர். சிசிடிவி, சுவிட்ச், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொன்னால் ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் நல்லது. அதன் ஏஜெண்ட் 2 போஸ்ட்கிரெஸ்ஸை நேராகவே பார்க்கும். எதைத் தேர்ந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி மாறாது.

இனி அனுமதி. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. அவசரத்தில் 'போஸ்ட்கிரெஸ்' என்ற, எல்லா அதிகாரமும் உள்ள மேலாதிக்கப் பயனரின் கடவுச்சொல்லையே ஏஜெண்டின் அமைப்புக் கோப்பில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோப்பை யாராவது படித்தால் நெல் கொள்முதல் கணக்கு முழுவதையும் அழிக்கும் அதிகாரம் அவர் கையில். பார்ப்பதற்காக வைத்தவருக்கு அழிக்கும் உரிமை எதற்கு? போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து இதற்கென்றே 'பிஜி_மானிட்டர்' என்ற தயார் நிலைப் பங்கு, அதாவது உரிமைகளின் தொகுதி, இருக்கிறது. ஏஜெண்டுக்கென்று புதிய பயனர் ஒருவரை உருவாக்கி அந்தப் பங்கை மட்டும் கொடுங்கள். உங்கள் அட்டவணைகளின் மீது தனியாக எந்த உரிமையும் வேண்டாம். புள்ளிவிவரக் காட்சிகளையும் அமைப்பு மதிப்புகளையும் படிக்க அது ஒன்றே போதும்.

அந்தப் பயனருக்கு மேலும் மூன்று கட்டுப்பாடுகள் வையுங்கள். இணைப்பு வரம்பு மூன்று. வினவலுக்கு, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளைக்கு, கால வரம்பு ஐந்து வினாடி. பூட்டுக்காகக் காத்திருக்கும் வரம்பு ஒரு வினாடி; ஒருவர் பயன்படுத்தும் தரவைப் பிறர் தொடாமல் தடுத்துவைப்பதுதான் பூட்டு. இவற்றைச் சர்வர் முழுமைக்கும் வைக்காமல் அந்தப் பயனருக்கு மட்டும் வைக்க 'ஆல்டர் ரோல்' கட்டளை போதும். காரணம் எளியது. தரவுத்தளம் ஏற்கெனவே மூச்சுத்திணறும்போது ஏஜெண்டின் வினவல்களும் தேங்கும். வரம்பு இல்லையென்றால் தேங்கியவை இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு சிக்கலைப் பெரிதாக்கும். பார்க்க வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

பிஜி_மானிட்டர் பங்கு பெற்ற பயனர், அந்த நேரத்தில் ஓடும் எல்லா வினவல்களின் வாசகத்தையும் பார்க்க முடியும். கொள்முதல் நிரல் விவசாயியின் கைப்பேசி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வினவலுக்குள் நேராக எழுதுவதாக இருந்தால், அவையும் கண்ணில் படும். எனவே இந்தக் கடவுச்சொல்லையும் பத்திரமாகத்தான் வைக்க வேண்டும். கடவுச்சொல் வைக்கும்போது அதை எஸ்க்யூஎல் வரியாக எழுதாமல் பிஎஸ்க்யூஎல் கருவியின் 'பாஸ்வேர்ட்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது உங்கள் பக்கத்திலேயே மறையாக்கம் செய்து அனுப்புவதால் பதிவுக் கோப்பில் வெறும் எழுத்தாகத் தங்காது. இன்னொன்று: போஸ்ட்கிரெஸ் 15இலிருந்து 'பப்ளிக்' என்ற பொதுத் தொகுப்பில் எவர் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கும் உரிமை நீக்கப்பட்டது. ஆனால் பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திக் கொண்டுவந்த தரவுத்தளத்தில் பழைய உரிமை அப்படியே தொடரும். உங்களுடையது எப்படி வந்தது என்று பார்த்து, தேவையானால் அந்த உரிமையைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.

யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பில் இந்தப் பயனருக்கு ஒரே வரி எழுதுங்கள்: 127.0.0.1 முகவரியிலிருந்து, அதாவது அதே சர்வரிலிருந்து மட்டும், ஸ்க்ராம் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையில். மேலிருந்து கீழாகப் படித்து முதலில் பொருந்தும் வரியைத்தான் போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும். ஆகவே பொதுவான வரிகளுக்கு மேலே இதை வையுங்கள். சர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டியதில்லை; அமைப்பை மீண்டும் படிக்கச் சொன்னால் போதும்.

எக்ஸ்போர்ட்டரை உபுண்டுவின் தொகுப்பிலிருந்தே நிறுவலாம். அது தனக்கென்று ஓர் இயங்குதளப் பயனரின் கீழ் ஓட வேண்டும். கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்து, அந்தப் பயனரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி 0600 என்று அனுமதியை இறுக்கிவிடுங்கள். எக்ஸ்போர்ட்டர் எல்லா முகவரிகளிலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வயர்கார்டு முகவரியில் மட்டும் கேட்கட்டும். தீச்சுவரில் (ஃபயர்வால்) காரைக்குடிக் கணினிக்கு மட்டும் அந்த இரண்டு வாயில்களையும் திறந்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர் இணைய வேண்டிய தரவுத்தளத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். அட்டவணை வாரியான புள்ளிவிவரங்களை இணைந்திருக்கும் தரவுத்தளத்துக்கு மட்டுமே போஸ்ட்கிரெஸ் காட்டும். 'போஸ்ட்கிரெஸ்' என்ற இயல்பான தரவுத்தளத்தோடு இணைத்தால் எடைமேடை அட்டவணைகளைப் பற்றி ஒன்றும் வராது. ஆலையின் தரவுத்தளத்தோடு இணையுங்கள்.

பின்னாளில் போஸ்ட்கிரெஸ் 17க்கு மாறும்போது எக்ஸ்போர்ட்டரையும் புதுப்பிக்க மறக்காதீர்கள். நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதி முடிக்கும் செக்பாயிண்ட் வேலையின் கணக்குகள் அந்தப் பதிப்பில் 'பிஜி_ஸ்டாட்_செக்பாயிண்டர்' என்ற புதிய காட்சிக்கு மாறிவிட்டன. பழைய எக்ஸ்போர்ட்டர் பழைய இடத்தில் தேடிப் பிழை காட்டும்.

ப்ரோமிதியஸ் எத்தனை வினாடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும்? முப்பது வினாடி போதும். எத்தனை நாள் சேமிப்பது என்பதில்தான் உங்கள் தொழில் தனியாக நிற்கிறது. ப்ரோமிதியஸ் இயல்பாக 15 நாட்கள் மட்டுமே வைத்திருக்கும். வாரம் முழுவதும் ஒரே சீராக நடக்கும் அலுவலகத்துக்கு அது சரி. நெல் ஆலைக்குத் தை மாதமும் ஆடி மாதமும் ஒன்றல்ல. இந்த மாசியின் நெரிசல் இயல்பானதா என்று தெரிய, சென்ற மாசி கையில் இருக்க வேண்டும். 400 நாட்கள் என்று மாற்றிவிடுங்கள். இடம் பற்றிக் கவலை வேண்டாம். ஓர் அளவீட்டுப் பதிவுக்குச் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு பைட் வரைதான் ஆகும். 1,500 அளவீடுகளை முப்பது வினாடிக்கு ஒருமுறை எடுத்தால் ஒரு நாளைக்கு 43 லட்சம் பதிவுகள். 400 நாட்களுக்கும் சேர்த்து 4 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

சரி, உறைந்துபோனதற்கு வருவோம். உங்கள் விவரிப்பில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: அந்த நேரத்தில் சிபியு பத்து விழுக்காடுகூட ஓடவில்லை என்கிறீர்கள். வேலை அதிகமாகித் திணறும் சர்வர் அப்படி இருக்காது. எல்லாரும் எதற்கோ காத்து நிற்கும் சர்வர்தான் அப்படி இருக்கும். எடைமேடை நிரல்களில் நான் பார்த்த வழக்கம் இது. லாரி முதல் முறை ஏறியதும் நிரல் பரிவர்த்தனை ஒன்றை, அதாவது முழுதாக முடிந்தால் மட்டுமே பதிவாகும் மாற்றங்களின் தொகுதியை, தொடங்கி அந்த லாரிக்கான வரியைப் பூட்டிக்கொள்ளும். இயக்குபவர் திரையை அப்படியே விட்டுவிட்டு வெளியே போவார். பரிவர்த்தனை முடியாமல் திறந்தே கிடக்கும். போஸ்ட்கிரெஸ் இந்த நிலையை 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று காட்டும். அந்த நேரத்தில் வேறொரு இடத்திலிருந்து யாராவது அதே அட்டவணையில் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தால், அது முழுப் பூட்டுக் கேட்டுக் காத்திருக்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரணப் படிப்பு வினவல்களும் வரிசையில் நின்றுவிடும். ஒரு திறந்த திரை, ஒரு காத்திருக்கும் கட்டளை. ஆலை முழுவதும் நின்றுவிடும்.

உங்களிடம் நடந்தது இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல இப்போது கையில் பதிவு இல்லை. ஆனால் அடுத்த முறை நடந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட வேண்டும். அதற்கு 'லாக்_லாக்_வெயிட்ஸ்' அமைப்பை இயக்குங்கள். ஒரு வினாடிக்கு மேல் பூட்டுக்காகக் காத்திருக்கும் வினவல், யாருக்காகக் காத்திருக்கிறது என்பதோடு பதிவுக் கோப்பில் எழுதப்படும். ஏஜெண்ட் பக்கத்தில், திறந்து கிடக்கும் பரிவர்த்தனைகளில் மிகப் பழையது எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறது என்ற அளவீட்டை வரைபடத்தின் முதல் வரிசையிலேயே வையுங்கள். அது ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரட்டும். எச்சரிக்கை வந்ததும் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' காட்சியில் பூட்டுக்காகக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். 'பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ்' என்ற செயற்கூற்றிடம் கேட்டால் அவர்களைத் தடுப்பவரின் எண்ணைச் சொல்லும். அந்த ஓர் இணைப்பை மட்டும் முடித்துவைத்தால் வரிசை நகரும். சர்வர் முழுவதையும் நிறுத்தி எழுப்பினால் அப்போதைக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். காரணம் மட்டும் அழிந்துபோகும்.

'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிலைக்குக் கால வரம்பு வைக்கும் வசதியும் போஸ்ட்கிரெஸ் 9.6இலிருந்து இருக்கிறது. எடைமேடை நிரலின் பயனருக்கு மட்டும் அதைப் பத்து நிமிடம் என்று வைக்கலாம். ஆனால் நிரல் எழுதியவரிடம் முதலில் கேளுங்கள். இணைப்பு அறுந்தால் அதைச் சமாளித்து மீண்டும் இணையத் தெரிந்த நிரல் என்றால் வையுங்கள். இல்லையென்றால் அவரிடம் நிரலைத் திருத்தச் சொல்வதே நேர்வழி.

இணைப்புகளின் எண்ணிக்கையில் சிக்கல் குறைவு. இயல்பான வரம்பு 100. அதில் மூன்று மேலாதிக்கப் பயனருக்கு ஒதுக்கப்பட்டவை. எண்பதைத் தாண்டினால் எச்சரிக்கை வையுங்கள். வந்தால் வரம்பைக் கூட்டுவதற்கு முன் யார் இணைப்புகளை மூடாமல் விடுகிறார்கள் என்று பாருங்கள்.

வட்டு அப்படியல்ல. ஒரு தரவுத்தளம் முழுவதுமாக நின்றுபோவதற்கு நான் கண்ட காரணங்களில் முதலிடம் வட்டு நிரம்புவதற்குத்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிவுகளான வால் (WAL) கோப்புகள் 'பிஜி_வால்' கோப்புறையில் சேரும்; அது இருக்கும் வட்டில் இடம் தீர்ந்தால் போஸ்ட்கிரெஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்தக் கோப்புறை ஏன் பெருக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எப்போதோ பிரதி சர்வர் ஒன்றை வைத்துப் பார்த்து, அதை எடுத்த பிறகு அதற்கான ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை நீக்காமல் விட்டிருப்பார்கள். திரும்பி வராத பிரதிக்காக போஸ்ட்கிரெஸ் எல்லாப் பதிவுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். அல்லது வால் கோப்புகளை வேறிடத்துக்கு அனுப்பும் கட்டளை தோற்றுக்கொண்டே இருக்கும். முதலாவதற்கு, செயலற்ற ஸ்லாட் ஒன்று இருந்தாலே எச்சரிக்கை. கூடவே 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' அமைப்புக்கு ஓர் எல்லை, ஏனெனில் இயல்பில் அதற்கு எல்லையே இல்லை. இரண்டாவதற்கு, 'பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்' காட்சியில் தோல்விகளின் எண்ணிக்கை ஏறினால் எச்சரிக்கை. இடம் போதவில்லை என்று பிஜி_வால் கோப்புறையிலிருந்து கோப்புகளைக் கையால் அழிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தரவுத்தளம் மீண்டும் எழாமலே போகலாம்.

வட்டுக்கு 'எண்பது விழுக்காடு' என்று நிலையான எல்லை வைப்பதைவிட நல்ல வழி உண்டு. கடந்த ஆறு மணி நேரம் நிரம்பிய வேகத்தை வைத்து, இதே வேகத்தில் போனால் எப்போது தீரும் என்று ப்ரோமிதியஸ் கணக்கிட்டுச் சொல்லும். 'பிரெடிக்ட்_லீனியர்' என்பது அந்தச் செயற்கூறு. நான்கு நாட்களுக்குள் தீரும் என்றால் பகல் நேரச் செய்தி. நான்கு மணி நேரத்துக்குள் தீரும் என்றால் உடனே தொலைபேசி. இதோடு தரவுத்தள வட்டில் 2 ஜிபி அளவுக்குப் பயனற்ற கோப்பு ஒன்றை உருவாக்கி வையுங்கள். நெருக்கடியில் அதை அழித்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

பழைய பதிவுகளைத் துப்புரவு செய்யும் வேலையான வேக்குவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு எழுத்துப் பரிவர்த்தனைக்கும் போஸ்ட்கிரெஸ் ஓர் எண் கொடுக்கிறது. மிகப் பழைய எண்ணுக்கும் புதியதற்கும் இடைவெளி ஏறக்குறைய 200 கோடியை நெருங்க விடக்கூடாது. அதற்குச் சற்று முன்பே புதிய எழுத்துகளைச் சர்வர் மறுத்துவிடும். இயல்பில் 20 கோடி வயதானதும் தானியங்கி வேக்குவம் தானே வேலையைத் தொடங்கும். வினாடிக்குப் பத்து எழுத்து என்று இரவும் பகலும் ஓடினாலும் 200 கோடியைத் தொட ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே 50 கோடியில் ஒரு பகல் நேர எச்சரிக்கை வைத்துவிட்டு மறந்துவிடலாம். அது வந்தால் மட்டும், வேக்குவத்தை ஏதோ தடுக்கிறது என்று பொருள். தேட வேண்டியவை அதே பழைய குற்றவாளிகள்: திறந்து கிடக்கும் பரிவர்த்தனையும் மறந்துபோன ஸ்லாட்டும்.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்த கிராஃபானா பலகைகளில் தேடிய தரவு வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே கிடைத்த விகிதம் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு எச்சரிக்கை வைக்காதீர்கள். 99 விழுக்காடு என்று காட்டும்போதே எடைமேடை உறைந்து நிற்கக்கூடும். 90 என்று காட்டும்போது எல்லாரும் நிம்மதியாக வேலை செய்துகொண்டிருக்கலாம். எந்த வினவல் மெதுவானது என்று அறிய 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸ்' நீட்டிப்பு உதவும். அதை ஏற்ற சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும்; லாரி வராத நாளில் செய்யுங்கள். அதன் விவரங்களை ஏஜெண்ட் வழியாக இழுக்க வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை நீங்களே உட்கார்ந்து, மொத்த நேரம் அதிகம் எடுத்த பத்து வினவல்களைப் படியுங்கள். அதில் கிடைக்கும் அறிவு வரைபடத்தில் கிடைக்காது.

எந்த ஏஜெண்ட்டும் தானாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது: பேக்கப் எடுக்கப்பட்டதா? இதை நீங்களே கட்ட வேண்டும். நோடு எக்ஸ்போர்ட்டரிடம் ஒரு கோப்புறையைக் காட்டினால் அதில் இருக்கும் சிறிய எழுத்துக் கோப்புகளை அளவீடாகப் படித்துக்கொள்ளும். உங்கள் பேக்கப் நிரல், பிழையின்றி முடிந்தால் மட்டும், முடிந்த நேரத்தையும் கோப்பின் அளவையும் அங்கே எழுதட்டும். 26 மணி நேரத்துக்குள் புதிய நேரம் வரவில்லையென்றாலோ, கோப்பு நேற்றையதைவிடப் பாதியாகச் சுருங்கிவிட்டாலோ எச்சரிக்கை. நிரல் தோற்றால் செய்தி அனுப்பும்படி வைப்பது போதாது. நிரல் ஓடவே இல்லையென்றால் அதைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். பேக்கப் கோப்பு காரைக்குடிக் கணினிக்கும் போகட்டும். மாதம் ஒருமுறை அங்கே மீட்டுப் பார்த்து, கடைசி எடைச்சீட்டின் எண் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

ஆலைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. உமித் தூசியும் தவிட்டுத் தூசியும் சர்வரின் மின்விசிறியை அடைத்துக்கொள்ளும். சிபியு வெப்பத்தை நோடு எக்ஸ்போர்ட்டர் காட்டும். வழக்கமான வெப்பத்தைவிடப் பத்து டிகிரி ஏறி ஒரு மணி நேரம் நின்றால் பெட்டியைத் திறந்து துடைக்க வேண்டிய நேரம். எஸ்எஸ்டி வட்டின் உடல்நலத்தை ஸ்மார்ட்மான் கருவிகள் படிக்கும். நாளுக்கு ஒருமுறை அதையும் மேலே சொன்ன எழுத்துக் கோப்பு வழியாகவே கொண்டுவரலாம். யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி இணைப்பு இருந்தால், மின்கலம் தீரும் முன் சர்வரை ஒழுங்காக நிறுத்தும்படி நட் மென்பொருளை அமையுங்கள். எழுதியது வட்டில் உண்மையாகவே பதிந்ததை உறுதிசெய்யும் 'எஃப்சிங்க்' அமைப்பை வேகத்துக்காக நிறுத்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பெரிய மோட்டார்கள் ஓடும் இடத்தில், ஜெனரேட்டருக்கு மாறும் அந்த நொடியில், தரவுத்தளத்தைக் காப்பது அதுதான்.

எச்சரிக்கைகளை இரண்டே வகையாகப் பிரியுங்கள். இப்போதே எழுந்து போக வேண்டியவை. காலையில் பார்த்தால் போதுமானவை. முதல் வகையில் நான் ஐந்தை மட்டும் வைப்பேன்: சர்வர் பதில் சொல்லவில்லை, தரவுத்தளம் பதில் சொல்லவில்லை, வட்டு சில மணி நேரத்தில் தீரும், இணைப்புகள் தீரப் போகின்றன, பரிவர்த்தனை திறந்து கிடந்து பிறரைத் தடுக்கிறது. முதல் இரண்டும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். எக்ஸ்போர்ட்டர் பதில் சொன்னால் 'அப்' என்ற அளவீடு 1 என்று காட்டும். தரவுத்தளம் செத்துக் கிடந்தாலும் அது 1தான். தரவுத்தளத்தின் உயிரைச் சொல்வது 'பிஜி_அப்' அளவீடு. இதை அறியாமல் முதலாவதற்கு மட்டும் எச்சரிக்கை வைத்தவர்கள், எல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே லாரி ஓட்டுநர்களிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு எச்சரிக்கையும் தமிழில், செய்ய வேண்டிய வேலையோடு வரட்டும். "புதுவயல் சர்வர்: எடைமேடைப் பரிவர்த்தனை 7 நிமிடமாகத் திறந்திருக்கிறது. எடைமேடை அறைக்குத் தொலைபேசி செய்து திரையை மூடச் சொல்லவும்" என்று எழுதினால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் கடை மேலாளரே அதைச் செய்துவிடுவார். அலர்ட்மேனேஜர் டெலிகிராமுக்கு நேராக அனுப்பும். ஓரிரு நிமிடத்தில் தானே சரியாகும் ஏற்ற இறக்கங்களுக்கெல்லாம் செய்தி வராமல் இருக்க, நிலைமை இரண்டு அல்லது ஐந்து நிமிடம் தொடர்ந்தால் மட்டும் அனுப்பும்படி வையுங்கள். புதுவயல் இணைப்பே அறுந்துவிட்டால் அதன் கீழுள்ள மற்ற எச்சரிக்கைகளை அடக்கிவைக்கும் விதியும் வேண்டும். மின்வாரியம் அறிவித்த பராமரிப்பு மின்தடை நாளில் முன்கூட்டியே அமைதி நேரம் குறித்துவிடுங்கள். தேவையற்ற செய்தி வாரத்துக்கு நான்கு வந்தால், ஐந்தாவதாக வரும் உண்மையானதை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

காரைக்குடிக் கணினியே அணைந்துவிட்டால்? எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் எச்சரிக்கை ஒன்றை ப்ரோமிதியஸில் உருவாக்கி, அதை வெளியே உள்ள ஓர் இணையச் சேவைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். அது வருவது நின்றுவிட்டால் அந்தச் சேவை உங்களுக்குச் செய்தி அனுப்பும். இதற்கென்று இலவசச் சேவைகள் இருக்கின்றன.

எல்லாம் அமைத்த பிறகு, ஆலை ஓய்வில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். தரவுத்தளத்தை நிறுத்துங்கள். எக்ஸ்போர்ட்டரை மட்டும் நிறுத்துங்கள். இணையக் கம்பியைப் பிடுங்குங்கள். ஒரு பரிவர்த்தனையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் அப்படியே விட்டுவையுங்கள். பேக்கப் நிரலை ஓடவிடாமல் தடுத்து மறுநாள் வரை காத்திருங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான கைப்பேசிக்குச் சரியான செய்தி வந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். வராதவற்றைத் தை பிறப்பதற்குள் திருத்திவிடலாம்.

கடைசியாகத் தேவகோட்டை மைஎஸ்க்யூஎல். முறை அதேதான், எக்ஸ்போர்ட்டர் வேறு, வாயில் 9104. அனுமதியில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அந்த எக்ஸ்போர்ட்டரின் கையேடு 'பிராசஸ்', 'ரெப்ளிகேஷன் கிளையண்ட்' உரிமைகளோடு எல்லாத் தரவுத்தளங்களின் மீதும் 'செலக்ட்' உரிமையும் கொடுக்கச் சொல்கிறது. கடைசி உரிமையைக் கொடுத்தால் கடையின் வாடிக்கையாளர் கணக்கு முழுவதையும் ஏஜெண்ட் படிக்கலாம். அதை 'பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா' மீது மட்டும் கொடுங்கள்; அட்டவணை அளவுகள் போன்ற சில விவரங்கள் வராமல் போகும், அவை உங்களுக்குத் தேவையில்லை. பயனருக்கு இணைப்பு வரம்பு மூன்று என்பதை இங்கும் வையுங்கள். சர்வரின் இயல்பான இணைப்பு வரம்பு அங்கே 151. திறந்து கிடக்கும் பரிவர்த்தனைகளை 'இன்னோடிபி_டிஆர்எக்ஸ்' காட்சியில் பார்க்கலாம். வட்டு நிரம்பினால் முதலில் தரவு மாற்றங்களைக் குறித்துவைக்கும் பைனரி பதிவுகளைப் பாருங்கள், 8.0 பதிப்பில் அவை இயல்பாக 30 நாட்கள் வரை தங்கும், பேக்கப் சரியாக நடக்கிறது என்றால் ஏழு நாட்களாகக் குறைத்துவிடலாம். அது இன்னமும் 5.7 பதிப்பு என்றால், 2023 அக்டோபரோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. ஏஜெண்ட் நிறுவுவதற்கு முன் பதிப்பை மாற்றும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.